பாட்டிலுக்கு முக்காடு போட்டு ஒயின் சுவைப்பது ஏன்?

எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவர் முன்னாலும் ஐந்து கிளாஸ், ஐந்திலும் இரண்டு விரல் உயரத்துக்குச் சிவப்பு ஒயின். எல்லாமே கைக்கு அடக்கமான விலை. எல்லா பாட்டிலும் காகிதப் பைக்குள். இரண்டாம் கிளாஸுக்கு நேராக "பழ மணம், வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது" என்று எழுதி 7 போட்டேன். ஐந்தாம் கிளாஸுக்கு "நாக்கு வறள்கிறது, பழத்தைக் காணோம்" என்று எழுதி 4 போட்டேன். கடைசியில் பைகளை உருவியபோது, இரண்டும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றியவை என்று தெரிந்தது.

"அப்போ இந்த ருசி பாக்குறது எல்லாம் சும்மாதானா?" என்று கேட்டார் ஒரு நண்பர்.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. பெயரை மறைத்து ஒயின் சுவைப்பதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. அது நிபுணர்களுக்கான பரீட்சை, நமக்கு ஆகாது என்பது ஒன்று. ஒயினில் ருசி பேதமே கிடையாது, எல்லாம் பாவனை என்று அது நிரூபித்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. என் 7-க்கும் 4-க்கும் காரணம் உண்டு. அதைப் படிப்படியாக அவிழ்க்க முடியும். ஒயினைப் பற்றி எதுவுமே தெரியாதவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணைக் கட்டுவதில்லை

பிளைண்ட் டேஸ்டிங் என்ற பெயரைக் கேட்டதும் கண்ணில் துணி கட்டிக்கொண்டு குடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கண் திறந்தேதான் இருக்கும். மறைப்பது பாட்டிலின் முகத்தை: பெயர், ஊர், வருடம், விலை எல்லாவற்றையும். இதை இந்தக் கட்டுரையில் மறைசுவைப்பு என்று சொல்கிறேன்.

ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, இது இன்ன திராட்சை, இன்ன நாடு, இன்ன வருடம் என்று சொல்லும் வித்தையையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். அது ஆளைச் சோதிப்பது; வருடக்கணக்கான பயிற்சியில் வருவது. நண்பர்களோடு உட்கார்ந்து நாலு ஒயினை ஒப்பிடும்போது நாம் சோதிப்பது ஒயினை. அதற்கு எந்தப் பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எது பிடித்தது, எவ்வளவு பிடித்தது, ஏன் பிடித்தது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

தேர்வு விடைத்தாள்களில் மாணவர் பெயரை மறைத்து எண் போடுவார்களே, அதே ஏற்பாடுதான் இது. திருத்துபவர் நேர்மையற்றவர் என்பதற்காக அப்படிச் செய்வதில்லை. நல்ல மாணவன் என்று பெயரெடுத்தவனின் தாள் என்று தெரிந்தால், மங்கலான விடையைக்கூட அவர் கண் தெளிவாகப் படித்துவிடும். அது நடப்பது அவருக்கே தெரியாது.

மறைப்பதிலும் இரண்டு நிலை உண்டு. குடிப்பவருக்குத் தெரியாது, ஊற்றுபவருக்குத் தெரியும் என்றால் ஒற்றை மறைப்பு. இருவருக்குமே தெரியாது என்றால் இரட்டை மறைப்பு. ஊற்றுபவருக்குத் தெரிந்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும். தனக்குப் பிடித்த பாட்டிலை ஊற்றும்போது கை தானாக நிதானமாகும், "இது எப்படி?" என்று கேட்கும் குரலிலேயே விடை இருக்கும். தப்பிக்க எளிய வழி, ஒருவர் பாட்டில்களைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு அறையை விட்டு வெளியேறுவது. இன்னொருவர் உள்ளே வந்து பைகளை இடம் மாற்றி எண் எழுத வேண்டும். எந்த எண்ணில் எந்த ஒயின் என்பது அதன் பிறகு யாருக்கும் தெரியாது.

இதுவரை: மறைப்பது லேபிளை, கண்ணை அல்ல. சோதிக்கப்படுவது ஒயின், குடிப்பவர் அல்ல. ஊற்றுபவருக்கும் தெரியாமல் இருப்பதே உத்தமம்.

லேபிள் நாக்கில் என்ன செய்கிறது?

காப்பி என்று நினைத்து டீயை வாயில் வைத்திருக்கிறீர்களா? நல்ல டீயாகவே இருந்தாலும் முதல் நொடியில் முகம் சுளித்துவிடும். அடுத்த நொடி, "ஓ, டீயா" என்று தெரிந்ததும் அதே டீ நன்றாக இருக்கும். டீ மாறவில்லை, நம் எதிர்பார்ப்புதான் மாறியது. வாயில் வந்து விழுவதை மட்டும் வைத்து மூளை ருசியைக் கட்டுவதில்லை. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, வந்ததை அந்தக் கணக்கோடு கலந்துதான் நமக்குத் தருகிறது.

ஒயினில் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2008-இல் கலிஃபோர்னியாவில் 20 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாக ஒயின் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் விலையைச் சொன்னார்கள். 90 டாலர் ஒயினையே ஒருமுறை 90 என்றும் இன்னொருமுறை 10 என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 என்று கேட்டவுடன் குடித்தது அதிகம் பிடித்ததாகச் சொன்னார்கள். வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை. இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கியது. விலை அவர்களை ஏமாற்றியது என்று சொல்வதைவிட, விலையும் ருசியில் ஒரு பங்காகச் சேர்ந்துகொண்டது என்று சொல்வதே சரி.

நிறமும் அப்படித்தான். பிரான்சின் போர்தோவில் 54 ஒயின் கல்வி மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். 2001-இல் வெளியான இந்த ஆய்வில், மாணவர்கள் அந்த ஒயினின் மணத்தைச் சிவப்பு ஒயினுக்கான சொற்களாலேயே விவரித்தார்கள். நிபுணர்கள் எல்லாம் போலி என்பதற்கு ஆதாரமாக இதைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கண் முன்னால் சிவப்பாக ஒன்றை வைத்துவிட்டு மூக்கு மட்டும் வெள்ளை என்று சொல்ல வேண்டும் என்றால், மனித மூக்கின் மேல் நாம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோம்.

இப்படி, ஒயினுக்கு வெளியே இருக்கும் ஒரு தகவல் நம் மதிப்பெண்ணை எப்போதும் ஒரே பக்கமாக இழுப்பதைச் சார்பு என்போம். மறைசுவைப்பு ஒழிக்க வந்தது இந்தச் சார்பைத்தான்.

துவர்ப்பை நாக்கு ருசிப்பதில்லை

லேபிளை எடுத்துவிட்டோம். கிளாஸில் மிச்சம் இருப்பது என்ன? இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இனிப்பு, புளிப்பு, கசப்பு, உவர்ப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்று ஆறு சுவைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். துவர்ப்புக்கென்று அன்றாடப் பேச்சில் தனிச் சொல் இல்லாதவர்கள் அதைக் கசப்போடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள மிக முக்கியமான சொல் அதுதான்.

பால் சேர்க்காத கடுந்தேநீரைக் குடித்துப் பாருங்கள், அல்லது வாழைக்காயைப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள். நாக்கும் கன்னத்தின் உட்புறமும் சுருங்கி, உலர்ந்து, சொரசொரப்பாகும். இதைச் செய்வது டானின் என்னும் பொருள். திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் காம்பிலும் இது இருக்கிறது. சிவப்புத் திராட்சையைப் பிழிந்தால் பெரும்பாலும் நிறமில்லாத சாறுதான் வரும். தோலோடு சேர்த்து ஊறவைத்து நொதிக்கவிடும்போதுதான் நிறமும் டானினும் இறங்குகின்றன. வெள்ளை ஒயினில் துவர்ப்பு குறைவாக இருப்பதற்குக் காரணம், அதன் சாறு தோலோடு ஊறாததே.

டானின் வாய்க்குள் வந்ததும் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வாயை வழுவழுப்பாக வைத்திருப்பவை அந்தப் புரதங்கள்தாம். அவை திரண்டு போனால் நாக்கும் அண்ணமும் நேரடியாக உரசும். துவர்ப்பு என்று நாம் உணர்வது அந்த உரசலையே. நாக்கின் சுவை மொட்டுகளுக்கு இதில் பங்கு குறைவு. பெரும்பகுதி தொடு உணர்ச்சி. காரமும் அப்படியே, அது ஓர் எரிச்சல். ஆறு சுவைகளில் இந்த இரண்டும் வாய் தொட்டுணர்பவை. தேநீரில் பால் சேர்த்தால் துவர்ப்பு அடங்குவதும் இதனால்தான். எச்சில் புரதத்தை விட்டுவிட்டு டானின் பால் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதில் ஒரு முக்கியமான விளைவு இருக்கிறது. உரசல் உடனே போகாது. அடுத்த மடக்குக்குள் எச்சில் முழுமையாகத் திரும்பியிருக்காது. அதனால் துவர்ப்பு மடக்குக்கு மடக்கு சேர்ந்துகொண்டே போகும். கடுமையான டானின் உள்ள ஒயினைக் குடித்த கையோடு இன்னொரு ஒயினைக் குடித்தால், அதன் மென்மை நமக்குத் தெரியாது. அன்று மாலை எங்கள் நான்காம் கிளாஸ் அப்படிப்பட்டது. ஐந்தாம் கிளாஸில் "நாக்கு வறள்கிறது" என்று நான் எழுதியது நான்காம் கிளாஸின் வேலை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புளிப்பு திராட்சையின் அமிலங்களால் வருவது. வாயில் எச்சில் ஊறவைக்கும். திராட்சைச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றும்போது அங்கங்கே கொஞ்சம் சர்க்கரை தின்னப்படாமல் நின்றுவிடும். இனிப்பு அதிலிருந்து வருகிறது. தொண்டையில் சூடாக இறங்குவது ஆல்கஹால். பழம், மிளகு, வெனிலா என்றெல்லாம் சொல்கிறோமே, அவை நாக்கில் இல்லை. வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் ஆவிகள் அவை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்துவிட்டுப் பிறகு கையை எடுத்துப் பாருங்கள். அதுவரை இல்லாத பழம் அந்தக் கணத்தில் வந்து சேரும்.

ஆக, கிளாஸுக்குள் நிஜமாகவே வேறுபாடுகள் இருக்கின்றன: துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு, ஆல்கஹாலின் சூடு, மூக்கில் ஏறும் மணம். இவற்றில் ஒரு கிளாஸிலிருந்து அடுத்த கிளாஸுக்கு அதிகமாகத் தொற்றுவது துவர்ப்பு.

மலிவான ஒயினில் குறைவது எது?

குறைந்த விலை என்றதும் மட்டமான சரக்கு என்று முடிவு கட்டிவிடுகிறோம். விலையை ஏற்றுவது எதெது என்று பார்த்தால் பல கிளாஸுக்குள் நேரடியாக வராதவை: நிலத்தின் விலை, பெயரின் மதிப்பு, கனமான பாட்டில், வருடக்கணக்கில் கிடங்கில் வைத்திருக்கும் செலவு. கிளாஸுக்குள் வருவதில் முக்கியமானது ஓக் மரப் பீப்பாய். போர்தோ பீப்பாயின் கொள்ளளவு 225 லிட்டர். அதாவது 300 பாட்டில். ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஆகும் காசு அந்த 300 தலையிலும் விழும். மலிவான ஒயினில் பீப்பாய்க்குப் பதில் ஓக் சில்லுகளைப் போட்டு ஊறவைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதை 2006-இல் அனுமதித்தது. வெனிலா மணம் வந்துவிடும், ஆனால் பீப்பாய்க்குள் மெதுவாக நடக்கும் பக்குவம் முழுதாக வராது.

6,000-க்கும் மேற்பட்ட மறைசுவைப்பு மதிப்பெண்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2008-இல் வந்தது. ஒயின் பயிற்சி இல்லாதவர்கள், விலை மறைக்கப்பட்டபோது விலை கூடிய ஒயினைச் சற்றே குறைவாக ரசித்தார்கள். பயிற்சி உள்ளவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. விலையுயர்ந்த ஒயின் மட்டம் என்று இதற்குப் பொருளில்லை. அதில் பெரும்பாலும் துவர்ப்பும் அடுக்கடுக்கான மணமும் கூடுதல். பழகாத வாய்க்கு அது உடனே இனிக்காது. மலிவான ஒயின்கள் இன்றே திறந்து இன்றே குடிக்கத் தோதாக, மென்மையாகச் செய்யப்படுகின்றன. நண்பர்கள் கூடி ஒப்பிடுவதற்கு இவையே பொருத்தம் என்பது என் கட்சி.

இரண்டு தராசுகள்

இனி அந்த நண்பரின் கேள்விக்கு வருவோம். இரண்டு எடைத் தராசுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் தராசு எப்போது ஏறி நின்றாலும் உண்மையைவிட 2 கிலோ கூடுதலாகக் காட்டும். இரண்டாவது, காலை 60, இறங்கி ஏறினால் 63, மறுபடி ஏறினால் 58 என்று ஆடும். முதல் தராசின் நோய்தான் நாம் பார்த்த சார்பு. இரண்டாவதன் நோயைச் சிதறல் என்போம்: எந்தப் பக்கம் என்றில்லாமல் அளவு அங்கும் இங்கும் தெறிப்பது.

லேபிளை மறைப்பது முதல் தராசை மட்டும்தான் சரிசெய்யும். இரண்டாம் தராசு அப்படியே ஆடிக்கொண்டிருக்கும். இது புரியாததால்தான், "மறைத்துக் குடித்தும் ஒரே ஒயினுக்கு இரண்டு மதிப்பெண் போட்டாயே, அப்போ எல்லாம் சும்மா" என்ற முடிவுக்கு வருகிறோம்.

சிதறல் பெரிய நடுவர்களையும் விடுவதில்லை. ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர், கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டி நடுவர்களுக்கு, ஒரே பாட்டில் ஒயினை மற்றவற்றின் நடுவே மூன்று முறை கலந்து கொடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே பதக்க எல்லைக்குள் மதிப்பெண் போட்டவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். 2008-இல் இந்த முடிவு வெளிவந்தது.

1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வணிகர் நடத்திய மறைசுவைப்பு இன்றும் பேசப்படுகிறது. 9 பிரெஞ்சு நடுவர்கள், 10 சிவப்பு ஒயின்கள். கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் முதலிடம் பிடித்து, போர்தோவின் பெரிய பெயர்களைப் பின்னுக்குத் தள்ளியது. பிரெஞ்சு ஒயினே உயர்ந்தது என்ற சார்பை அது உடைத்தது. அந்த வகையில் பெரிய நிகழ்வு. ஆனால் 20-க்குப் போட்ட மதிப்பெண்ணில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் சராசரி வித்தியாசம் கால் மதிப்பெண்கூட இல்லை. கலிஃபோர்னியாவின் நல்ல ஒயின் போர்தோவின் பெரிய பெயர்களுக்குச் சமமாக நிற்க முடியும் என்பதே அன்று தெரிந்தது. யார் முதல், யார் இரண்டாவது என்பதைச் சிதறல் ஒரே மடக்கில் புரட்டிப் போட்டிருக்கும்.

ஆடும் தராசை என்ன செய்வது? பல முறை ஏறி நின்று சராசரி எடுக்க வேண்டும். நான்கு அளவுகளின் சராசரி, ஒற்றை அளவைவிடப் பாதிதான் ஆடும். எட்டுப் பேர் சேர்ந்து குடிப்பதன் பயன் இதுவே. ஒரு எச்சரிக்கையோடு: எட்டுப் பேரும் ஒரே வரிசையில் குடித்தால், நான்காம் கிளாஸின் துவர்ப்பு எட்டுப் பேர் வாயிலும் ஐந்தாம் கிளாஸைக் கெடுக்கும். அப்போது அது சார்பாகிவிடும். எத்தனை பேரின் சராசரி எடுத்தாலும் போகாது. அன்று எங்களுக்கு நடந்தது அதுதான். நான் மட்டுமல்ல, மேசையில் ஆறு பேர் ஐந்தாம் கிளாஸுக்குக் குறைவாகப் போட்டிருந்தார்கள்.

இதுவரை: லேபிளை மறைத்தால் சார்பு போகும். பலர் சுவைத்தால் சிதறல் குறையும். ஆளாளுக்கு வரிசையை மாற்றாவிட்டால் புதிய சார்பு ஒன்று உள்ளே நுழையும்.

மூக்குக்கு மூக்கு வேறு

இன்னொன்றும் இருக்கிறது. ஷிராஸ் திராட்சை ஒயினில் சில சமயம் மிளகு மணம் வீசும். அதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் ஒயினில் அடையாளம் கண்டார்கள். நிஜ மிளகுக்கு மணம் தருவதும் அதுவே. அந்த ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, சோதித்த மிக அதிக அளவிலும் அந்த மணம் தெரியவே இல்லை.

அப்படியென்றால் உங்களுக்கு 8, என் தோழிக்கு 3 என்று வந்தால் அது சிதறலாக இருக்கலாம். அல்லது இருவர் மூக்கும் நிஜமாகவே வேறாக இருக்கலாம். எது என்று எப்படித் தெரியும்? ஒரே ஒயினை இரண்டு கிளாஸில் ஊற்றிவைக்கும் தந்திரம் இதற்குத்தான். இதை இரட்டைக் கிளாஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நெருக்கமான எண் போடுபவரின் தராசு ஆடவில்லை. அவர் உங்களோடு முரண்பட்டால் அதை மதிக்க வேண்டும். அது அவருடைய ருசி. இரண்டுக்கும் எட்டாத தூரத்தில் எண் போட்டவர், அன்றைய மாலை மற்ற கிளாஸ்களுக்குப் போட்ட எண்களையும் தளர்வாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். இரட்டைக் கிளாஸ் இல்லாத மறைசுவைப்பில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மேசையில் எப்படி அமைப்பது?

நான்கு ஒயின் போதும். ஒரே விலை வரம்பில் வாங்குங்கள். ஏதாவது ஒன்றை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே திராட்சை, நான்கு நாடுகள், அல்லது ஒரே நாடு, நான்கு திராட்சைகள். எல்லாமே வேறு வேறு என்றால், பிடித்ததற்குக் காரணம் எது என்று தெரியாமல் போகும்.

750 மில்லி பாட்டிலில் 50 மில்லியாக ஊற்றினால் 15 பங்கு வரும். எட்டுப் பேருக்குத் தாராளம். இரட்டையாக வைக்கும் ஒயினுக்கு மட்டும் 16 வேண்டும். ஒவ்வொரு கிளாஸிலும் மூன்று நான்கு மில்லி குறைத்தால் ஒரே பாட்டிலில் முடித்துவிடலாம். இரண்டாவது பாட்டில் திறக்காதீர்கள், பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபாடு இருக்கும். ஐந்து கிளாஸையும் காலி செய்தால் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய்விடும்; கடைசி கிளாஸ் வரும்போது மூக்கு மந்தமாகும். தொழில்முறைச் சுவைப்பாளர்கள் வாயில் சுழற்றிவிட்டு உமிழ்ந்துவிடுவது இதற்காகவே. ஆளுக்கொரு காகிதக் கோப்பை கொடுத்துவிடுங்கள். அதில் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒயின் 15 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். சூடானால் ஆல்கஹால் முன்னே நிற்கும். அதிகம் குளிர்ந்தால் துவர்ப்பு கடுக்கும். கிளாஸ்கள் எல்லாம் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். சுவைக்கும் நேரத்தில் சீஸ் வேண்டாம். தேநீரில் பால் செய்த வேலையை அது இங்கே செய்து, டானினை மறைத்துவிடும். தண்ணீரும் ஒன்றும் சேர்க்காத ரொட்டியும் போதும். ஊற்றும் முன் ஒவ்வொரு பாட்டிலையும் முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி போல் நாறினால் தக்கையில் உருவான டிசிஏ என்ற பொருளின் வேலை. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே அது ஒயினைக் கெடுத்துவிடும். அந்த பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள்.

கிளாஸுக்கு 1, 2, 3 என்று எண் போடாதீர்கள். ஒன்று என்றாலே முதலிடம் என்ற நினைப்பு எங்கோ ஒட்டிக்கொள்ளும். 417, 286 என்று கண்டபடி மூன்று இலக்க எண் கொடுப்பது சுவைச் சோதனைக்கூடங்களில் வழக்கம். பாதிப் பேர் இடமிருந்து வலமாகவும், மீதிப் பேர் வலமிருந்து இடமாகவும், ஒவ்வொருவரும் வெவ்வேறு கிளாஸில் தொடங்கியும் சுவைக்கட்டும். கிளாஸுக்கு கிளாஸ் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள், எச்சில் திரும்பி வர வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. ஒருவர் "மிளகு வாசனை வருதுல்ல?" என்று சொல்லிவிட்டால் போதும், மேசை முழுவதும் மிளகு மணக்கத் தொடங்கும். லேபிளைப் பையால் மறைத்துவிட்டு, நண்பரின் வாயால் புதிய லேபிள் ஒட்டிக்கொள்வது போன்றது அது. "உம்" கொட்டுவதும் முகம் சுளிப்பதும்கூட அதே கணக்கில் வரும்.

இரண்டு ஒயினுக்கு வித்தியாசம் இருக்கிறதா என்பதிலேயே சண்டை வந்தால் முக்கோணச் சோதனை செய்யலாம். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. தனித்து நிற்பது எது என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும் என்பதால், எட்டுப் பேரில் இரண்டு மூன்று பேர் சரியாகச் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. ஆறு பேர் சொன்னால் கதை வேறு. வெறும் அதிர்ஷ்டத்தில் அப்படி நடக்க 100-க்கு 2 வாய்ப்புதான். இப்படி எண்ணிப் பார்க்கும் முறைக்குப் புகழ்பெற்ற உதாரணம் ஒரு கோப்பைத் தேநீர். 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று தன்னால் சொல்ல முடியும் என்றார் மியூரியல் பிரிஸ்டல் என்ற ஆய்வாளர். கூட வேலை பார்த்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அதற்கு எட்டுக் கோப்பைகள் கொண்ட ஒரு சோதனையை வகுத்தார்: நான்கு அப்படி, நான்கு இப்படி. எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி உண்டு. அதிர்ஷ்டத்தால் எல்லாம் சரியாக வர 70-இல் ஒரே வாய்ப்பு.

தாளைப் படிக்கும்போது

பைகளை உருவும் முன் மதிப்பெண்களைக் கூட்டிவிடுங்கள். உருவிய பிறகு கூட்டினால், "இதுக்கு 6 போட நெனச்சேன், 5 போட்டுட்டேன்" என்று திருத்தல்கள் தொடங்கும்.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். சராசரி 5 என்பது எட்டுப் பேரும் 5 போட்டதாகவும் இருக்கலாம், நாலு பேர் 8-உம் நாலு பேர் 2-உம் போட்டதாகவும் இருக்கலாம். முதலாவது யாரையும் கவராத ஒயின். இரண்டாவது, பாதிப் பேருக்கு அந்த மாலையின் மிகச் சிறந்த ஒயின். விருந்துக்கு வாங்குவதென்றால் முதலாவது, உங்களுக்காக வாங்குவதென்றால் நீங்கள் 8 போட்டிருந்தால் இரண்டாவது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மடக்கில் ஜெயிப்பது பெரும்பாலும் உரத்துப் பேசும் ஒயின்: கொஞ்சம் இனிப்பு, நிறைய ஓக், நிறையப் பழம். முழுக் கிளாஸ் குடிக்கும்போது அதே இனிப்பு திகட்டும். அதனால் முதல் இரண்டு இடம் பிடித்தவற்றை இன்னொரு நாள், சாப்பாட்டோடு, தாளும் பேனாவும் இல்லாமல் ஒரு முழுக் கிளாஸ் குடித்துப் பார்ப்பது நல்லது.

ஒரு மாதம் கழித்து நாங்கள் மறுபடி கூடினோம். இந்த முறை ஆளுக்கொரு வரிசை, மூன்று இலக்க எண்கள், வாய் திறக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு. இரட்டையாக வைத்தது ஒரு ஷிராஸ். அதற்கு நான் 7-உம் 6-உம் போட்டிருந்தேன். "எல்லாம் சும்மாதானா" என்று கேட்ட நண்பர் இரண்டுக்கும் 8. ஒரு தோழி இரண்டுக்கும் 3 போட்டு, இரண்டு இடத்திலும் "புளிப்பு, துவர்ப்பு, வேற ஒண்ணும் இல்ல" என்று எழுதியிருந்தார். நாங்கள் மிளகு மிளகு என்று பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, கிளாஸை மறுபடி முகர்ந்து பார்த்து, "எனக்கு எந்த மிளகும் வரல" என்றார். அந்த மணம் எட்டாதவருக்கு அந்தக் கிளாஸில் அவர் எழுதியதுதான் மீதி. அடுத்த கூடலுக்கு அவருக்கென்று மெர்லோ என்ற வேறொரு திராட்சையின் ஒயினைத் தனியாக வாங்கி வைத்தோம்.